பத்மினி பிரேக்: பெடல் இறங்குகிறது, ஒரு சக்கரம் பிடிக்கிறது

நண்பர்களே, அப்பாவின் பிரீமியர் பத்மினி பல வருடம் ஷெட்டிலேயே நின்ற வண்டி. இஞ்சின் ஓடுகிறது, பிரேக்தான் படுத்துகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் வந்தது. வீல் சிலிண்டர்களுக்கு ரப்பர் கப் மாற்றி, புது ஆயில் (டாட் 3) ஊற்றி, பைப்பிலிருந்த ஏர் எடுத்தாயிற்று.

இப்போது பெடலை அடித்து அடித்து மிதித்தால் கெட்டியாக நிற்கிறது. அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் மெல்லத் தரைக்குப் போய்விடுகிறது. வெளியே எங்கும் கசிவில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் ஆயிலைக் கசியவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது. உள்சுவரைத் துரு அரித்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனுண்டா, இல்லை சிலிண்டரையே முழுசாக மாற்றுவதா?

அப்புறம், முன் இடது சக்கரம் பெடலை விட்ட பிறகும் பிடித்துக்கொள்கிறது. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. அந்தச் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் உடனே சுற்றுகிறது. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பைப்பைத் தளர்த்தினால் விடுவதில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்குமோ? மெக்கானிக், டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் என்கிறார், எனக்கு ஒப்பவில்லை.

மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் இரண்டும் சென்னை புதுப்பேட்டையில் புதிதாகக் கிடைக்கிறதா? சமீபத்தில் வாங்கியவர்கள் சொல்லுங்கள். அதுவரை வண்டியைத் தெருவில் இறக்குவதாக இல்லை.