ரயில் கோச்சும் கோச்சிங் சென்டர் கோச்சும் ஒரே சொல்லா?

மழைக்காகிதம்:
ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ரயில் பெட்டியைக் கோச் என்கிறோம், கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தருகிறவரையும் கோச் என்கிறோம், நீட் வகுப்பு நடக்கிற இடமோ கோச்சிங் சென்டர். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒன்றேதான். கிரிக்கெட் பேட்டுக்கும் வௌவாலுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு இருப்பது போல இதுவும் தற்செயலா, இல்லை உண்மையிலேயே வண்டிதான் வாத்தியார் ஆனதா? அலுவலகத்தில் ஒருவர், அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரை வண்டியில் போகும்போதே பாடம் நடத்துவார்களாம், அதிலிருந்துதான் இந்தச் சொல் வந்தது என்று அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:
தற்செயல் இல்லை, ஒரே சொல்தான். அதன் பூர்வீகம் ஹங்கேரி. வியன்னாவுக்கும் புடாவுக்கும் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) இடைப்பட்ட சாலையில் கொச் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் வண்டித் தச்சர்கள், கனம் குறைந்த, வேகமாக ஓடக்கூடிய ஒரு குதிரை வண்டியைச் செய்து பெயர் வாங்கினார்கள். அதற்குப் பெயர் 'கொச்சி செகேர்', அதாவது கொச் ஊர் வண்டி, நாம் பத்தமடைப் பாய், திண்டுக்கல் பூட்டு என்பது போல. போகப் போக 'வண்டி' உதிர்ந்துவிட்டது, ஊர்ப்பெயர் மட்டும் ஐரோப்பா முழுக்க ஓடியது. ஜெர்மனில் குட்ஷே, ஸ்பானிஷில் கோச்சே, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் கோச். இன்றைக்கும் ஹங்கேரிக்காரர் 'கொச்சி' என்றால் அவர் சொல்வது காரைத்தான். ஸ்பெயினிலும் கோச்சே என்றால் கார். நம் ஊர்ப் பழைய எழுத்தில் வருகிற 'கோச்சு வண்டி'யும் இந்த வம்சம்தான்.

வாத்தியார் அர்த்தம் 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் பேச்சில் முளைத்தது. கல்லூரி ஆசிரியரை நம்பினால் தேற முடியாது என்று, பரீட்சைக்கு முன் தனியாகக் காசு கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்வார்கள். அவர்தான் கோச். இதில் மரியாதை ஒன்றும் கிடையாது, பச்சைக் கிண்டல்: நீ நடக்கவே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், அவர் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிடுவார். உங்கள் அலுவலக நண்பரின் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது மாணவர்கள் தங்களுக்குள் பேசிய கொச்சைப் பேச்சில் பிறந்த சொல். (கொச்சை என்ற தமிழ்ச் சொல்லுக்கும் கொச் ஊருக்கும் சம்பந்தம் இல்லை, யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவைக்கிறேன்.)

விளையாட்டுக்கு வந்தது அப்புறம், 1860-களில். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகு அணிகளுக்குப் பயிற்சி தருகிறவர் ஆற்றங்கரையோரமாகக் குதிரையில் போய்க்கொண்டே துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்துக் கத்துவார். வண்டியின் பெயர் வைத்துக்கொண்டு குதிரை மேல் போன கோச்!

கணக்குப்பித்தன்:
ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்லிவிட்டு கேம்பிரிட்ஜைப் படகோடு விட்டுவிட்டீர்களே. கோச் என்ற தொழிலே அங்கேதான் கொடிகட்டிப் பறந்தது.

அங்கே ட்ரைபாஸ் என்று கணிதத் தேர்வு. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்ளர் என்று பட்டம், அதில் முதலிடம் பிடித்தவர் சீனியர் ராங்ளர். யார் எத்தனையாவது என்று வரிசையாகப் பட்டியல் போட்டு ஊரறிய வாசிப்பார்கள், பத்திரிகையில் வரும். அந்த வரிசையில் உங்கள் இடம் என்ன என்பதைப் பொறுத்துத்தான் ஃபெலோ என்கிற கல்லூரி உறுப்பினர் பதவி, சம்பளம், மிச்ச வாழ்க்கை எல்லாம். பேராசிரியர்களின் சொற்பொழிவுக்கும் அந்தப் பரீட்சைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்பதால் ரேங்க் வேண்டும் என்கிற எல்லோரும் கோச்சிடம் ஓடினார்கள். பல்கலைக்கழகம் அவர்களை நியமிக்கவில்லை, சம்பளம் தரவில்லை, எல்லாம் மாணவர் கையிலிருந்து வந்த காசு.

அவ்வளவு திறமையானவர்கள் ஏன் தனி டியூஷன் எடுத்தார்கள் என்று கேட்டால், காரணம் கல்யாணம். உண்மையாகத்தான். 1880-கள் வரைக்கும் கேம்பிரிட்ஜ் ஃபெலோக்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்களாக இருந்தாக வேண்டும், கல்யாணம் செய்தால் பதவி போய்விடும். வில்லியம் ஹாப்கின்ஸ் கல்யாணம் ஆன பிறகுதான் மாணவராகவே சேர்ந்தார், 1827-இல் ஏழாவது ராங்ளராகத் தேறினார், ஃபெலோ ஆக வழியில்லை. சரி, பிழைப்புக்கு கோச் ஆனார். ஸ்டோக்ஸ், கேய்லி, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், மேக்ஸ்வெல் என்று பெரிய பெரிய கணித, இயற்பியல் மேதைகள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். 1854-இல் அந்த மேக்ஸ்வெல்லையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி சீனியர் ராங்ளர் ஆனவர் எட்வர்டு ரௌத். அவரும் பத்து வருஷம் கழித்துக் கல்யாணம் செய்து ஃபெலோ பதவியை விட்டார். ஹாப்கின்ஸுக்குப் பின் அவர்தான் கோச்சுகளில் ராஜா, 600-க்கும் மேற்பட்ட மாணவர்கள், அதில் இருபத்தைந்துக்கும் மேல் சீனியர் ராங்ளர்கள். இப்போது பேனர் வைக்கிற சென்டர்கள் எல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ராங்ளர் மோகம் இந்தியாவிலும் இருந்தது. புனேவைச் சேர்ந்த பராஞ்சபே 1899-இல் சீனியர் ராங்ளர் ஆனார், அதன் பிறகு காலம் முழுக்க ராங்ளர் பராஞ்சபே என்றுதான் அவருக்குப் பெயர். அவருக்கு முந்தைய வருஷம் நான்காவது ராங்ளராக வந்த கணித மேதை ஹார்டிக்கோ (பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தவர்) இந்தக் கோச் முறையைக் கண்டாலே ஆகாது. கணிதத்தையே விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போகலாமா என்கிற அளவுக்கு நொந்துபோனவர், பிற்பாடு அந்த வரிசைப் பட்டியலை ஒழிக்கப் போராடினார். 1909-தான் கடைசிப் பட்டியல். அதோடு கோச்சுகளின் கடையும் படுத்தது.

பெரம்பூர்ப்பழசு:
சென்னையில் இரண்டு கோச்சும் தயாராகிறது சார். பெரம்பூர் ஐசிஎஃப்பில் 1955-லிருந்து ரயில் கோச், அண்ணா நகரில் ஐஏஎஸ் கோச்சிங். முதலாவதில் எத்தனை பேர் ஏறலாம் என்று வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டாவதில் அப்படி எதுவும் கிடையாது. என் அக்கா மகனை ஓர் இடத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம், ஏசி ஹாலில் நெருக்கியடித்து உட்கார வைத்து, கடைசி வரிசைக்கு டிவி பெட்டியில் வாத்தியாரைக் காட்டினார்கள். வண்டி மாணவனை இழுத்துப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இவன் விஷயத்தில் பணம் கட்டிவிட்டு இவன்தான் வண்டியை இழுத்தான்.

இன்னொன்று, நம் ஊரில் டியூஷன் வேறு, கோச்சிங் வேறு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். தெருமுனை டீச்சர் வீட்டு வராந்தாவில் செருப்புக் குவியலும் ஒரு சின்னக் கரும்பலகையும் இருந்தால் அது டியூஷன். அட்மிஷன் கவுன்டரும் முன்னாள் மாணவர் போட்டோ போட்ட பேனரும் இருந்தால் கோச்சிங். டியூஷன் என்ற சொல்லுக்கு லத்தீனில் காவல், பராமரிப்பு என்றுதான் பொருள் என்பார்கள். அமெரிக்காவில் அது கல்லூரிக் கட்டணம். நம்மிடம் மாலை ஆறு மணி வகுப்பு.

மழைக்காகிதம்:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் ட்ரெயின், ட்ரெய்னிங், ட்ரெய்னர்? அங்கேயும் ரயில்தான் வாத்தியார் ஆனதா?

திண்ணைவாசி:
இல்லை, அது வேறு கதை. ரயில் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே ஆங்கிலத்தில் ட்ரெயின் என்றால் பயிற்று என்ற பொருள் வந்துவிட்டது. இரண்டுக்கும் மூலம் 'இழு' என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல். தரையில் இழுபடுகிற நீள அங்கியின் வால் ஒரு ட்ரெயின், ஒன்றன்பின் ஒன்றாக இழுபடுகிற பெட்டி வரிசை இன்னொரு ட்ரெயின். பழமரக் கிளையை வளைத்து, இழுத்துக் கட்டி, வேண்டிய பக்கம் வளரவிடுவதும் ட்ரெயின்தான், பயிற்சி என்ற பொருளும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. கோச்சில் வண்டி மனிதராக மாறியது, இங்கே ஒரே 'இழு' தனித்தனியாக இரண்டு பக்கம் போயிருக்கிறது.

கோச் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனிகளில் 'எக்ஸிக்யூட்டிவ் கோச்', 'லைஃப் கோச்' என்று வருகிறார்களே, அவர்களைக் கேட்டால் நாங்கள் எதையும் சொல்லித்தர மாட்டோம், கேள்வி மட்டும் கேட்போம், விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பையன்கள் எதைக் கிண்டல் செய்தார்களோ அதற்கு நேர் எதிர். இப்போது பயணி நடக்கிறார், வண்டி கூடவே பேசிக்கொண்டு வருகிறது. கட்டணம் மட்டும் குறையவில்லை.

குடந்தைக்கிறுக்கன்:
ஹார்டி பெயர் வந்துவிட்டது, ராமானுஜனைச் சொல்லாமல் போக முடியாது. கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் அவர் கையில் கிடைத்த கணிதப் புத்தகம் ஒன்றுதான் அவரைக் கிளப்பிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதியவர் ஜி.எஸ்.கார், லண்டனில் தனியாக மாணவர்களைத் தயார் செய்த ஒரு கோச். நடுத்தர வயதில் தானே கேம்பிரிட்ஜில் சேர்ந்து பரீட்சை எழுதினார், ராங்ளர் வரிசைக்குக் கூட வரவில்லை. அந்தப் புத்தகமே ட்ரைபாஸ் மாணவர்களுக்காக அவர் சேர்த்து வைத்த கோச்சிங் நோட்ஸிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக எண் போட்டு இருக்கும், நிரூபணம் என்று கேட்டால் பெரும்பாலும் 'இன்ன எண்ணைப் பார்க்க' என்று ஒரு வரி. பரீட்சைக்கு முந்தைய வாரம் புரட்டுகிறவனுக்கு அது போதும். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார், அங்கிருந்து அவர் பாட்டுக்கு வேறு எங்கோ போய்விட்டார், மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளாமல் கல்லூரித் தேர்வில் தோற்றார். பரீட்சையில் தேறுவதற்கென்றே எழுதின புத்தகம்!

ஆகையால் கோச்சிங் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரம்பூர் அண்ணன் சொன்ன டிவி பெட்டி ஆசாமிகளைத் தவிர.

மழைக்காகிதம்:
கார் எழுதினதா? பெயரே கார், பொருத்தம்தான். அந்தப் புத்தகம் இப்போது கிடைக்குமா?

குடந்தைக்கிறுக்கன்:
பழைய பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது, காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. கனமான ஃபைல், மொபைலில் திறக்காதீர்கள்.