அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு: தெற்கில் நீங்கள் நேரில் கண்டது, கேட்டது (அனுபவப் பகிர்வு)

சுகர்லேண்ட்வாசி:
எங்கள் சுகர்லேண்ட் ஊர்க் கதை டெக்சாஸ்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 2018-ல் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டிய இடத்தில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அடிமைமுறை ஒழிந்த பிறகு கைதிகளைக் கரும்புத் தோட்டத்துக்கு வாடகைக்கு விட்டார்களே, அவர்கள். அதைப் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் பையனையும் இழுத்துப் போனேன். அவன் பாட்டுக்குப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். புதைந்திருந்தவர்களில் ஆகச் சிறியவருக்கு 14 வயது இருக்கலாம் என்று மேடையில் சொன்னார்கள். இவனுக்கும் அப்போது அதே வயது. நிமிர்ந்து, "அவன் என்னப்பா தப்பு பண்ணினான்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அங்கே பழைய இடுகாடு இருக்கக்கூடும், பார்த்துத் தோண்டுங்கள் என்று ஒரு முன்னாள் சிறைக் காவலர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். யார் கேட்டார்கள்?

பருத்திக்காடு:
தப்பு பண்ணியிருக்கவே தேவையில்லை. 1865 கடைசியில் மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டத்தைப் பாருங்கள். ஜனவரி வந்தால் கறுப்பின மக்கள் வேலையில் இருப்பதற்கு எழுத்தில் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலையற்றுத் திரிபவர் என்று அபராதம். நேற்றுவரை அடிமையாக இருந்தவரிடம் அபராதம் கட்டப் பணம் ஏது? யார் கட்டுகிறாரோ அவரிடம் உழைத்துக் கழிக்க வேண்டியதுதான். அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்திலேயே "குற்றத்துக்கான தண்டனை தவிர" என்று ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்கள்.

தீவுக்காரி:
நான் டெக்சாஸ் கால்வெஸ்டனில் ஜூன் 19 விடுதலை நாள் விழாவுக்குப் போயிருந்தேன். 1865-ல் வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் அங்கே வெளியிட்ட உத்தரவைச் சத்தமாக வாசித்தார்கள். எல்லா அடிமைகளும் விடுதலை என்ற வரிக்குப் பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் அடுத்த வரிகள் வந்துவிட்டன: இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா இருப்பவர்களுக்கு எங்கேயும் ஆதரவு கிடையாது. பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்த பாட்டி, "சும்மா இருந்தது யாராம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வரிக்கும் கைதட்டவில்லை.

நடுநிலைவாதி:
எல்லாவற்றையும் கொடுமை என்று ஒரே தட்டில் வைக்காதீர்கள். போர் முடிந்தபோது தெற்கே யாரிடம் காசு இருந்தது? கான்ஃபெடரேட் (பிரிந்துபோன தென் மாநிலங்களின்) நோட்டு செல்லாக்காசு. ரயில் பாதைகள் பெயர்ந்து கிடந்தன. நிலம் வைத்திருந்தவரிடம் கூலி கொடுக்கப் பணமில்லை, உழைக்கிறவரிடம் நிலமில்லை. அதனால் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிரிட்டார்கள். அன்றைக்கு வேறென்ன வழி? விக்ஸ்பர்க் போர்க்களத்தை முழுக்கச் சுற்றிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

பருத்திக்காடு:
நடுநிலைவாதி அண்ணா, வழி இருந்தது. கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கடலோர நிலத்தை விடுதலை பெற்ற குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று ஒதுக்கினார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிரும் வைத்துவிட்டார்கள். அதே வருடம் ஜனாதிபதி ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு கொடுத்து நிலத்தையும் திருப்பினார். அக்டோபரில், விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் அந்த மக்கள் முன்னாலேயே நின்று இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

வாரம் என்கிறீர்கள். மிசிசிப்பி டெல்டாவில் என்னோடு வேலை பார்த்த பெரியவர் தன் தாத்தா இருந்த மரக்குடிசையைக் காட்டினார். கதவுக்குப் பின்னால் பலகையில் ஆணியால் கீறிய கோடுகள். ஒரு கோடு என்றால் ஒரு பொதி பஞ்சு. விதை, கோவேறு கழுதை, மாவு எல்லாம் முதலாளி கடையில் கடன். வட்டி அவர் வைத்ததுதான், கணக்குப் புத்தகமும் அவரிடம்தான். டிசம்பரில் கணக்குத் தீர்த்தால் எப்போதும் பாக்கிதான் நிற்கும். எதிர்த்துக் கேட்டால் உயிர் மிஞ்சாது. "அப்புறம் எதற்கு இந்தக் கோடு?" என்றேன். "தாத்தாவுக்காவது தெரிஞ்சிருக்கணுமே" என்றார்.

நடுநிலைவாதி:
நிலத்தைத் திருப்பியது சரி என்று நான் எங்கே சொன்னேன்? வட்டி பற்றிப் பேச வேறு இழை தொடங்குங்கள்.

கப்பல்பிரியன்:
ஒரேயடியாக அழாதீர்கள். தென் கரோலினா பியூஃபர்ட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். 1862-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கான்ஃபெடரேட் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பினாரே, அவர்தான். பின்கட்டுக் குடிசையில் 1839-ல் அடிமையாகப் பிறந்தவர். வரி பாக்கிக்கு ஏலம் போன அதே வீட்டை வாங்கி முன்கட்டில் குடியேறினார். பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். நான் போனபோது அது தனியார் வீடு, தெருவிலிருந்து பார்த்ததோடு சரி. "பழைய வீட்டுக்காரர் சும்மாவா விட்டார்?" என்று என் மனைவி கேட்டாள். வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் 1878-ல் தோற்றார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

வேர்தேடி:
என் கதை சின்னது. அலுவலகத் தோழி ஒருவருக்கு நூலகத்தில் அவருடைய முன்னோரைத் தேடிக் கொடுத்தேன். 1870 கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயரோடு கிடைத்தார். 1860-ல் முதலாளி பெயருக்குக் கீழே பெயரில்லாமல் வயது, பாலினம், நிறம்தான். "இதில் எது அவர்?" என்று அந்த வரிசையில் விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

யாராவது நண்பர்களுக்கு உதவப் போனால் சில விஷயம். 1870-லிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். முதலாளியின் குடும்பப் பெயர்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அதே பக்கத்தில் அக்கம்பக்கத்து வீடுகளையும் பாருங்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கிய சேமிப்பு வங்கி 1874-ல் மூழ்கியது, போட்டவர்கள் பலருடைய பணம் போனது. ஆனால் அதன் பதிவேடுகள் தப்பின. கணக்கு தொடங்கும்போது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயரையெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பொக்கிஷம். நியூ ஆர்லியன்ஸ் கிறிஸ்தவப் பத்திரிகையில், விற்கப்பட்டுப் பிரிந்த தாயையும் பிள்ளையையும் தேடி வந்த விளம்பரங்களும் இணையத்தில் உண்டு. அன்றைக்கு அவற்றைத் தேவாலயங்களில் வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டல் எப்படியும் மாறும், நாலைந்து விதமாகத் தேடுங்கள். 1890 கணக்கெடுப்புக்காக மட்டும் மெனக்கெடாதீர்கள், ஏறக்குறைய முழுக்க அழிந்துவிட்டது.