சாளர காலம் வேண்டாம், பொதிக்காலம் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1க்கு முன் நம் எச்ஐவி துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் 'விண்டோ பீரியட்' (கிருமி தொற்றியும் சோதனையில் தெரியாத காலம்) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்துவிடலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இதுவரை வந்தவை சாளர காலம், மறைகாலம், பிடிபடாக் காலம். திருவாரூர்ப் பக்கம், எச்ஐவி சோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். மூன்றையும் வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சாளர காலத்தை முதலில் தள்ளிவிடலாம். போன மாதம் அறுவடை இயந்திரம் ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். ஆணுறை இல்லாமல் உறவு வைத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. சோதித்ததில் தொற்று இல்லை என்று வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சாளர காலம்னு ஒண்ணு இருக்கு தம்பி, மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க" என்றேன். புரியவில்லை. "ஜன்னல் மாதிரி" என்று விளக்கப் போனேன். "அப்போ ஜன்னல் வழியா வர்ற கொசு கடிச்சாலும் வருமா மேடம்?" என்று கேட்டார். கொசுவால் எச்ஐவி பரவவே பரவாது. அதைச் சொல்லிப் புரிய வைக்கவே பத்து நிமிடம் ஆனது. தப்பு அவர்மேல் இல்லை, நான் கொடுத்த சொல் அப்படி.

ஜன்னல் என்றால் நமக்கு அதன் வழியே ஏதோ தெரிய வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு. கிருமி உள்ளே போனபின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கச் சில வாரம் பிடிக்கும். எங்கள் விரைவுச் சோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். அது பெரும்பாலும் 23 முதல் 90 நாளுக்குள் தென்படும். கிருமியின் மரபுப்பொருளையே நேராகத் தேடும் சோதனைக்குக்கூட 10 முதல் 33 நாள் ஆகும். ஆனால் தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். கையில் இருக்கும் தாளில் 'இல்லை' என்று இருக்கும், பரவும் வாய்ப்போ உச்சத்தில் இருக்கும். அந்தத் தாளை நம்பி ஒருவர் மனைவியிடம் ஆணுறை இல்லாமல் போவார், இன்னொருவர் ரத்ததானம் செய்யப் போவார். ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாடுவது அதனால்தான்.

மறைகாலம் நல்ல தமிழ். ஆனால் தொற்றியபின் பல வருடம் அறிகுறியே இல்லாமல் இருப்பார்களே, அதையும் மக்கள் 'மறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் குழம்பிவிடும்.

பிடிபடாக் காலம் என்று முன்மொழிந்த அக்காவின் பக்கம்தான் நானும் முதலில் இருந்தேன். 'டெஸ்டுல பிடிபடல' என்பது எங்கள் மையத்தில் தினம் கேட்கும் பேச்சு. இரண்டு காரணத்தால் மனம் மாறினேன். பிடிபடுவது திருடன். தொற்றோடு வாழ்கிறவரைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்த வாடை வேண்டாம். 'ஆட்கொல்லி நோய்' என்று சுவரெல்லாம் எழுதி நாம் செய்த கெடுதல் போதும். அடுத்தது இன்னும் முக்கியம். எச்ஐவிக்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அது அப்படியே நீடிக்கும்வரை உடலுறவு வழியாக அவர்களிடமிருந்து தொற்றாது. அங்கேயும் கிருமி 'பிடிபடவில்லை', இங்கேயும் 'பிடிபடவில்லை'. ஒன்று பரவாத நிலை, மற்றது அதிகம் பரவும் நிலை. இரண்டுக்கும் ஒரே சொல் கூடவே கூடாது. மருந்தால் கிருமி குறைந்த அந்த நிலைக்கு 'அடங்குநிலை' என்று வைக்கலாம். "மருந்துல அடங்கியிருக்கு" என்று அவர்களே சொல்வார்கள்.

சரி, என் பரிந்துரை: பொதிக்காலம்.

சம்பா நெற்பயிர் பொதி கட்டி, அதாவது கதிரைத் தண்டுக்குள் வைத்து, நிற்கும்போது வரப்பில் நின்று பார்த்தால் வெறும் பச்சைதான். அப்பா ஒரு தூரை ஒடித்து, தண்டை நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டுவார். உள்ளே விரல் நீளத்துக்கு, வெள்ளையாக, ஈரமாக, மணி மணியாக இளங்கதிர். வெளியே வர நாள் இருக்கிறது, உள்ளே எல்லாம் ஆகிவிட்டது. டெல்டாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் பொதி என்றால் மூட்டை நினைவு வரும் என்று சென்னை நண்பர் சொன்னார். 'பொருள் பொதிந்த' என்று எல்லாரும்தான் எழுதுகிறோம், அது போதும்.

விளையும் பயிரின் சொல்லை நோய்க்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று மன்னார்குடி ஐயா எழுதியது எனக்கும் உறுத்தியது. இரண்டு நாள் யோசித்தேன் ஐயா. பயமுறுத்தாத, கேவலப்படுத்தாத ஒரு சொல் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. வயலிலிருந்து எடுத்தால் அது கிடைக்கிறது.

கடைசியாக ஒரு தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி: பொதி என்றால் உள்ளே கதிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம், சோதனைக்கு வருகிற எல்லாருக்கும் தொற்று இருப்பதுபோல் ஆகிவிடாதா? ஆகும், சொல்லை ஆள்மேல் வைத்தால். "நீங்கள் பொதிக்காலத்தில் இருக்கிறீர்கள்" என்று எழுதவே கூடாது. கிருமிமேல் வைக்க வேண்டும். துண்டறிக்கைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்:

"எச்ஐவியின் பொதிக்காலம் 3 மாதம் வரை இருக்கலாம். அது முடிந்தபின் பார்க்கும் சோதனைதான் உறுதி. அதுவரை ஒவ்வொரு முறையும் ஆணுறை அணியுங்கள், ரத்ததானம் செய்யாதீர்கள், ஊசியைப் பகிராதீர்கள். தொற்று நேர்ந்திருக்குமோ என்று சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் மருந்தால் தடுக்க வாய்ப்பு உண்டு. விவரத்துக்கு 1097."