துலும் கோட்டையும் கடலாமையும் ஒரே நாளில்: 66 வயது அம்மாவோடு முடியுமா?

பீஷான் மல்லிகை:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் வீட்டுக்காரருக்கு மெக்சிகோவின் கான்கூனில் ஒரு மாநாடு. இவ்வளவு தூரம் தனியாகப் போவானேன், எல்லோருமே வாங்க என்று சொல்லிவிட்டார். நான், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள், திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூரில் எங்களோடு இருக்கும் அம்மா, ஆக நாலு பேர். வீட்டுக்காரருக்கு ஓய்வு கிடைப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளுக்குத் துலும் என்ற பழைய மாயன் ஊரின் இடிபாடு, கடலாமையோடு ஸ்நோர்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் கடலுக்குள் பார்ப்பது) இரண்டையும் சேர்த்துக் காட்டும் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் ஏற்றி மாலை ஐந்துக்கு இறக்கிவிடுவார்களாம்.

மகள் பள்ளியில் ஸ்விம்சேஃபர் நீச்சல் பயிற்சி முடித்தவள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம், கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. ஆனால் ஆமை என்றதும் முதலில் பெட்டியைத் தேடியது அவர்தான். நானோ பாசிர் ரிஸ் கடலில் முட்டிக்கு மேல் இறங்கியதில்லை.

இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் ஒன்றையாவது ஒழுங்காகப் பார்க்க முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்றை விட வேண்டும் என்றால் எதை விடுவது?

நீலப்பாசி:

ஆமைதான் முக்கியம் என்றால் மெக்சிகோ வரை போகவே வேண்டாம் அக்கா. மலேசியாவில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்கு ஜூன் நல்ல பருவம், கடல் அமைதியாக இருக்கும். ஏன், நம் கடலிலேயே அழுங்காமை உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஏறி முட்டையிட்டுப் போயிருக்கிறது. நம் தண்ணீர் கலங்கல், அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கரீபியக் கரையில் சர்காசோ என்ற பழுப்புக் கடற்பாசி வந்து ஒதுங்கும். குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். ஜூன் அதற்கு நடுவில் வருகிறது. விளம்பரப் படத்தில் இருக்கும் நீலத்தை நம்பிப் போகாதீர்கள்.

துவாஸ் பட்டறைக்காரன்:

நீலப்பாசி சொல்வது சரிதான், ஆனால் மாநாடு பெர்ஹெந்தியானில் இல்லையே. நான் இரண்டு முறை போய் வந்தவன், அதுவும் ஒரே வாரத்தில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஹியூஸ்டனில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில் நான்கு நாள் கான்கூன். நாங்களும் முதலில் இந்த மாதிரி சேர்த்துவைத்த பயணத்தைத்தான் எடுத்தோம். யார் நடத்தியது என்பதை விட்டுவிடுகிறேன். ஏழு மணி என்றார்கள், வண்டி வந்தது ஏழே முக்காலுக்கு. அப்புறம் ஆறு ஹோட்டல் வாசலில் நின்று ஆள் ஏற்றியது. வழியில் ஒரு வெள்ளி நகைக் கடையில் நாற்பது நிமிடம். துலும் வாசலை மிதித்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒதுங்க நிழல் கிடையாது. ஒரு மணி நேரத்தில் வழிகாட்டி கொடியை ஆட்டிக் கூப்பிட்டுவிட்டார். ஆமை இருக்கும் அகுமாலில் தண்ணீருக்குள் இருந்தது அரை மணி நேரம். அத்தனை கூட்டமும் மணலைக் கிளப்பிவிட்டதில் எனக்குத் தெரிந்தது முன்னால் போனவரின் குதிகால் மட்டும். என் மனைவி ஆமையையே பார்க்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அவள் வாயைத் திறக்காததைப் பார்த்து, இரண்டு நாள் கழித்து நாங்களாகவே போனோம். அந்த இரண்டாவது நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கான்கூன் நேரம் சிங்கப்பூரைவிட 13 மணி பின்னால் இருக்கிறது. நேரே இங்கிருந்து போகிறவருக்கு முதல் சில நாள் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும், புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. சும்மா கூரையைப் பார்த்துக் கிடப்பதற்குக் கிளம்பிவிடுங்கள். ஓய்வு நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் போய் இறங்கிய மறுநாளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹோட்டலில் சொன்னால் ஓட்டுநரோடு வண்டி ஏற்பாடு செய்து தருவார்கள். நாலு பேருக்குப் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. ஹோட்டல் பகுதியிலிருந்து துலும் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 307ஆம் நெடுஞ்சாலை. ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம். அகுமால் வழியிலேயே வரும், துலுமுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் முன்னால். அங்கே இறங்க மகள் அடம் பிடிப்பாள், விடாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் கல்லைப் பார்த்துவிட வேண்டும், ஏறிய பிறகு தண்ணீர்.

துலும் சின்ன இடம். பெரிய பிரமிடை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மூன்று பக்கம் தடித்த கல் மதில், நான்காவது பக்கம் 12 மீட்டர் பாறைச் சரிவு, கீழே கடல். துலும் என்ற மாயன் சொல்லுக்கே மதில் என்றுதான் பொருள். பழைய பெயர் சாமா என்கிறார்கள், விடியல் என்று அர்த்தம். கிழக்கைப் பார்த்த கரை, பொருத்தம்தான். மதிலில் ஐந்து வாசல், நாங்கள் போனதில் நான் குனிந்துதான் நுழைந்தேன். 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை நன்றாக வாழ்ந்த வணிகத் துறை. குவாதமாலா மலைப்பக்கத்து எரிமலைக் கண்ணாடிக் கல்லெல்லாம் படகில் வந்து இறங்கியிருக்கிறது. 1518இல் ஸ்பானியக் கப்பல்கள் கடலிலிருந்து இதைப் பார்த்தபோதுகூட ஆள் வாழ்ந்துகொண்டிருந்த ஊர்.

நடுவில் இருக்கும் பெரிய கட்டடத்துக்கு எல் காஸ்தியோ என்று பெயர், ஏற விட மாட்டார்கள். கடலைப் பார்த்த சுவரில் இரண்டு சின்னச் சாளரம் உண்டு. அவற்றில் விளக்கு வைத்தால், கடலில் வரும் படகோட்டிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடத்தில்தான் பவளத்திட்டில் இடைவெளி இருக்கிறது, அந்த வழியாக உள்ளே வரலாம் என்று ஒரு விளக்கம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலை நேர்வழியில் கொண்டுவர இன்றைக்கும் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு விளக்கு வைத்துத்தானே வேலை நடக்கிறது! வழிகாட்டி என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

பக்கத்தில் இன்னொரு சின்னக் கோயில். வாசலுக்கு மேலே மாடத்தில் ஒரு உருவம், கால் மேலே, தலை கீழே, வானத்திலிருந்து குதிக்கிற மாதிரி. இறங்கும் கடவுள் என்கிறார்கள். தேனீக் கடவுள் என்பாரும் உண்டு, மறையும் சூரியன் என்பாரும் உண்டு. எல்லாம் சுண்ணாம்புச் சுதை. ஒரு காலத்தில் மேலே சிவப்பும் நீலமும் பூசியிருந்திருக்கிறார்கள். மனைவி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்திலிருந்து ஒருத்தர் தவறி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குக் காலையில் அந்த மாடத்தின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இகுவானா என்ற ஒரு பெரிய ஓணானும்தான். பத்து மணிக்குப் பேருந்துகள் வர ஆரம்பித்தன, நாங்கள் வெளியே வந்துவிட்டோம். உங்கள் அம்மாவுக்கு இதுவரை சிரமம் இருக்காது, ஆனால் சரளைப் பாதை, செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். கடலுக்கு இறங்கும் மரப்படி சில சமயம் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் முட்டி வலிக்காரர் இறங்க வேண்டாம்.

இப்போது அகுமால். மாயன் மொழியில் ஆமைகளின் இடம் என்று பொருள். விரிகுடாவின் அடியில் கடற்புல் வளர்ந்து கிடக்கிறது, அதை மேயப் பச்சைக் கடலாமை வருகிறது. கூட்டம் அளவு மீறிப் போய்த்தான் 2016இல் அதைப் பாதுகாப்புப் புகலிடம் ஆக்கினார்கள். உரிமம் உள்ள வழிகாட்டியோடு, சின்னக் குழுவாக, லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஆமைப் பகுதிக்குப் போகலாம். தொடக் கூடாது, விரட்டக் கூடாது, மேலே நிற்கக் கூடாது. சன்ஸ்கிரீனும் கூடாது. நான் ஹோட்டலிலேயே அப்பிக்கொண்டு போய், அங்கே குழாயடியில் நின்று தேய்த்துக் கழுவினேன். முழுக்கை நீச்சல் சட்டை இங்கேயே வாங்கிப் போய்விடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நான் கறார். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் மற்றவர்கள் போட்டிருப்பதைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன். அங்கே குவியலிலிருந்து எடுத்து நீட்டுவார்கள், வாங்கி அப்படியே மாட்டிவிடாதீர்கள். வாரை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது மகளுக்குப் பெரிது, தண்ணீருக்குள் நழுவும். வேறு கேளுங்கள். கொக்கி உடைந்திருந்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

என் சங்கடம் வேறு. மீசை. முகக்கண்ணாடியின் ரப்பர் அதன்மேல் உட்காராமல் மூக்குக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது. எடுத்துவிட்டால் சரியாகும் என்று வழிகாட்டிப் பையன் சைகையில் காட்டினான். 33 வருட மீசை. மாட்டேன் என்று நானும் சைகையில் சொன்னேன்.

அப்புறம் ஆமை. ஓடு ஒரு பரோட்டாக் கல் அகலம் இருக்கும், இளசு. முன்துடுப்பு இரண்டையும் மணலில் ஊன்றி, தலையைச் சாய்த்துப் புல்லைக் கடித்து இழுத்தது. கடிபட்ட துணுக்குகள் என் கண்ணாடிக்கு முன்னால் மிதந்து மேலே போயின. மேய்ந்த இடம் மட்டும் ஒட்ட வெட்டிய தரை மாதிரி இருந்தது. முதுகில் ஓர் ஒட்டுமீன், அதுபாட்டுக்குச் சவாரி. சில நிமிடம் கழித்துத் துடுப்பை ஒரு முறை தள்ளி மேலே வந்து, மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, புஸ் என்று ஒரு மூச்சு, மறுபடி புல்லுக்கு. எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மனைவிக்கும் நீச்சல் தெரியாது. அந்தப் பையன் மிதவை வளையத்தை இழுக்க, இவள் அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். உங்கள் அம்மாவுக்கும் அப்படிக் கேளுங்கள். ஆழமும் அதிகமில்லை. இருந்தாலும் பயந்தால் வற்புறுத்தாதீர்கள், கரையில் தென்னை நிழல் உண்டு.

ஆக, இரண்டும் ஒரே நாளில் முடியும். பேருந்தில் முடியாது.

மூன்றாம் மாடி:

யாரும் விசாவைப் பற்றிப் பேசவில்லையே. உங்கள் அம்மா இந்தியக் கடவுச்சீட்டு என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டாம், இந்தியருக்கு வேண்டும், இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும் வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்த விசா வேண்டும், நீங்கள் மூவரும் சிங்கப்பூரர் என்றால் இஎஸ்டிஏ என்ற அமெரிக்க இணையவழி முன்அனுமதி போதும். அம்மாவுக்கு விசா நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்று இன்றைக்கே பாருங்கள். ஆமையெல்லாம் அப்புறம்.

சாப்பாடு: சோள தொர்த்தியா என்ற மெல்லிய ரொட்டியைத் தைரியமாகச் சாப்பிடலாம், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பது. மசித்த பீன்ஸ்தான் ஆபத்து, பார்க்கச் சைவம், உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்கும். ‘சின் மந்தேகா’ என்று கேட்கச் சொல்லுங்கள், கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம். ஆபானேரோ மிளகாயை நம் ஊர் மிளகாய் என்று நினைத்து அம்மா கடித்துவிடப் போகிறார்.

நீலப்பாசி:

பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு வாபஸ், போய் வாருங்கள் அக்கா. பாசி எந்த அளவு ஒதுங்கியிருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும், முந்தின நாள் மாலை ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பவர் வைத்த முகக்கண்ணாடி இங்கேயே முக்குளிப்புக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாமல் போனால் ஆமை எது, பாறை எது என்று தெரியாது.

பீஷான் மல்லிகை:

எல்லோருக்கும் நன்றி. பேருந்து வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. விசா விஷயம் தலையில் அடித்த மாதிரி இருந்தது, அம்மா இந்தியக் கடவுச்சீட்டுதான், நல்லவேளை சொன்னீர்கள். இப்போதுதான் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதில், மிதவை வளையம் என்றதும் சரி என்றுவிட்டார். தலைகீழ்ச் சாமியைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

பட்டறைக்கார அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக்காரருக்கும் மீசை உண்டு. எடுக்கச் சொன்னால் மாநாட்டையே ரத்து செய்துவிடுவார். வேறு வழி இருக்கிறதா?

துவாஸ் பட்டறைக்காரன்:

இருக்கிறது தங்கச்சி. மூக்குக்குக் கீழே, ரப்பர் உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாகச் சிரைத்தால் போதும், மீதி மீசை அப்படியே இருக்கலாம். போகும் முன் நீச்சல் குளத்தில் ஒரு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதை மகன் சொன்னான், நாங்கள் சிங்கப்பூர் திரும்பி எட்டு மாதம் கழித்து.