தீப்பிடித்த பட்டறையில் போர்க்காலப் படகு: எதை மீட்கலாம்?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால மரப்படகைச் சீரமைக்கும் பட்டறையில் தீப்பிடித்தால், அமெரிக்கக் கடற்படையின் பி.டி. படகு (டார்பிடோ ஏவும் வேகமான சிறு ரோந்துப் படகு) போன்ற ஒன்றில் எவற்றை மீட்க முடியும்? பாதியைப் புதிதாகக் கட்டினால் அது பழைய படகாகுமா?

மறுமொழி 1: பி.டி. படகின் உடல், பசை தோய்த்த துணியை இடையில் வைத்து இரண்டடுக்காகப் பதித்த மஹாகனிப் பலகைகளால் ஆனது. ஆகவே வெளிப்பலகை இலேசாகவே கருகியிருந்தாலும், வெப்பத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்பதைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். கரியைச் சுரண்டினால் நல்ல மரம் எவ்வளவு தடிமன் மிஞ்சியுள்ளது என்பது தெரியும். விலா மரங்கள் கருகினாலும் வளைவு மாறாமலிருந்தால், அகற்றுவதற்கு முன் அதே வளைவில் அச்சுப் பலகை (புதிய மரம் செய்வதற்கான மாதிரி) வெட்டிக்கொள்ளுங்கள். படகுக்குள் தேங்கிய தீயணைப்பு நீரையும் உடனே இறைத்து வெளியேற்றிவிட வேண்டும்.

மறுமொழி 2: பாகங்களைப் பிரித்து வேறிடத்தில் வைப்பதே நல்ல காப்பு. 2007இல் லண்டனில் தீப்பற்றிய கட்டி சார்க் கப்பலின் (அது போர்ப்படகல்ல, தேயிலை ஏற்றிச் சென்ற கப்பல்தான்) பாய்மரங்களும் பல பலகைகளும் சீரமைப்புக்காக முன்பே கழற்றப்பட்டிருந்ததால் தப்பின. 2012இல் கப்பலைப் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறந்தார்கள்.

மறுமொழி 3: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பி.டி.-305 படகு, போருக்குப் பின் சிப்பி எடுக்கும் படகாக மாற்றப்பட்டபோது நீளமே குறைக்கப்பட்டது. இழந்த பகுதியைப் புதிதாகக் கட்டி, 2016இல் மீண்டும் நீரில் இறக்கினார்கள். அதைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பலகை பழையது, எது புதியது என்ற பதிவு மட்டும் இருக்க வேண்டும்.