அனலிஸ்ட் தம்பி, படகோட்டி அண்ணன்: உளவுக் கதையில எங்கே இடிக்குது?

குழித்துறைக்காரன்:
நாயகன் டெல்லியில மத்திய உளவுத் துறை அனலிஸ்ட். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர். அண்ணன் ஆழ்கடல் விசைப்படகுல டிரைவர். அரபிக்கடல்ல ஒரு சாட்டிலைட் போன் பேசுது, போதைச் சரக்கு கைமாறுதுன்னு சந்தேகம். பார்த்தா, அண்ணன் ஓட்டுற படகு. ஜூலை மாசம், தம்பி துப்பாக்கியோட குளச்சல் துறைமுகத்துல இறங்குறான். குடும்பமா கடமையான்னு அவன் தவிக்கிற இடம் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. எதை மாத்தலாம்?

அலைவாய்:
முதல்ல ஜூலையை மாத்துங்க மக்கா. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனா சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இதுல தப்பு விட்டா கடற்கரை வாசகன் அங்கேயே புத்தகத்தை மூடிருவான். ஆகஸ்ட் கடைசின்னு வைங்க. தூத்தூர்ப் படகு கொச்சி தோப்பும்படியில இருந்து புறப்படட்டும். போனா ஒரு மாசம் ஆகும்.

அண்ணனைக் கடத்தல்காரனா ஆக்காதீங்க. அனுமதி இல்லாத துரையா சாட்டிலைட் போன் ஒண்ணு மட்டும் கையில கொடுங்க. விஎச்எஃப் வயர்லெஸ் நேர்கோட்டுலதான் போகும், படகுக்குப் படகு 20 கடல் மைல் கிடைச்சாலே பெரிசு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்போ தூரத்துல கிடந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. அதுக்கப்புறம் ஒருத்தன் வீட்டுக்குப் பேச ரகசியமா ஒரு போன் வாங்கினான்னா யாரு குத்தம் சொல்ல? ஆனா சட்டப்படி அது குற்றம், கடத்தல்காரன் கையில இருக்கதும் அதே போன்தான். 2021 மார்ச்சுல மினிக்காய் பக்கம் கடலோரக் காவல் படை மடக்கின இலங்கைப் படகுல 300 கிலோ ஹெராயினும் 5 ஏ.கே. 47-ம் இருந்துச்சு. நம்ம ஆளு சுறாவுக்குத் தூண்டில் போடுகதும் அந்தக் கடல்லதான். தம்பிக்குச் சந்தேகம் வரும், நிச்சயம் வராது. தவிப்பு அங்கேதான் இருக்கு.

மேசைவிளக்கு:
துப்பாக்கியைப் பிடுங்கிவிடுங்கள். அனலிஸ்ட் களத்துக்குப் போகிறவன் இல்லை, வந்த தகவலை எடை போடுகிறவன். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு மதிப்பு போடும் முறை உலகெங்கும் உண்டு. தகவல் தந்தவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. தகவல் எவ்வளவு உறுதி என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். பி2 என்றால் 'பெரும்பாலும் நம்பத்தக்கவர், அநேகமாக உண்மை', கப்பல் கிளம்பும். எஃப்6 என்றால் 'எதையும் தீர்மானிக்க முடியவில்லை', கோப்பு தூங்கும். உங்கள் நாயகன் பி2-வை அடித்து எஃப்6 என்று எழுதட்டும். துரோகம் அவ்வளவுதான், ஒரு பேனாக் கீறல். சத்தமே வராது.

அலைவாய்:
எஃப்6 உடனே மாட்டும். அதே தகவல் வேறு மேசைகளுக்கும் போகும், 2001-ல் பல்முகமை மையம் வந்ததே அதுக்குத்தான். நாலு பேர் பி2 போட்ட இடத்துல இவன் மட்டும் எஃப்6 போட்டா முதல் கேள்வி இவன்கிட்டத்தான்.

போன் பேசின நேரத்தை மாத்தி எழுதுறதும் உதவாது. உலக நேரத்துக்கும் நமக்கும் 5:30 மணி வித்தியாசம், மணிக்கு 8 கடல் மைல் வேகத்துல அது 44 கடல் மைல். வரைபடத்துல குத்தின உடனே பல்லிளிக்கும்.

படகு நிக்கிற இடத்தைக் குறிக்கிற ஆயத்தொலைவுல கை வைக்கச் சொல்லுங்க. அட்சரேகை 7 டிகிரி 42.5 நிமிடம்னா தசமத்துல 7.7083. அவசரத்துல 7.425-னு எழுதுறவங்க நிஜமாவே உண்டு. வித்தியாசம் சரியா 17 கடல் மைல். அவ்வளவு தள்ளி நிக்கிற கப்பலோட ரேடார்ல சின்னப் படகு விழுறது கஷ்டம். நாளைக்கு விசாரணைன்னு வந்தாலும் 'கைப்பிழை'ன்னு சொல்லிக்கலாம். கடலோரக் காவல் படையோட டோர்னியர் கண்காணிப்பு விமானம் வந்தா மட்டும் இந்த வேலை பலிக்காது, அதனால அன்னைக்கு விமானம் கிளம்ப முடியாத வானிலையா இருக்கணும்.

மேசைவிளக்கு:
ஒப்புக்கொள்கிறேன், 17 கடல் மைல்தான் சரி.

குடும்பப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு எச்சரிக்கை கொடுக்கும் காட்சி வேண்டாம், எல்லாரும் எழுதுவது. அம்மாவை எழுதுங்கள். படகிலிருந்து ஒரு வாரமாகச் சேதி இல்லையென்றால் கடற்கரை வீடுகளில் முதலில் பங்குத்தந்தையிடம்தான் ஓடுவார்கள். அங்கிருந்து வந்து டெல்லிக்குப் போன் போடுகிறாள்: "மக்களே, அண்ணன் கூப்பிட்டானா?" இவனுக்குத் தெரியும். நேற்று இரவு 9:40-க்கு அந்தத் துரையா பேசியது, ஆள் உயிரோடு இருக்கிறான். ஆனால் 'நல்லா இருக்கான்மா' என்று சொன்னால் அலுவலில் கிடைத்த தகவலை வெளியே கொடுத்ததாகும். 1923 அலுவல் இரகசியச் சட்டம், 5-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. 'இல்லம்மா' என்கிறான். எனக்கென்னவோ நாவலின் நடு அத்தியாயம் இந்த ஒரு சொல்தான்.

குழித்துறைக்காரன்:
துப்பாக்கி, ஜூலை ரெண்டையும் எடுத்தாச்சு. அம்மா போன் மூணாவது அத்தியாயத்துக்கு வருது. இன்னும் ஒண்ணே ஒண்ணு: கொச்சியில இருந்து போற படகுக்குப் பதிவு எண் கேரளமா, தமிழ்நாடா?

அலைவாய்:
எங்கே பதிவு பண்ணினாங்களோ அதுதான், எங்கே இருந்து புறப்பட்டாலும் மாறாது. நம்ம மாவட்டத்துல பதிஞ்சதுன்னா ஐஎன்டி-டிஎன்-15-எம்எம், அப்புறம் எண். அந்த 15-ஐத் திரையில பார்த்ததும் தம்பிக்கு ஊர் தெரிஞ்சிரும், மீதி எண்ணை அவன் படிக்கவே வேண்டாம்.