தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைக் குழலும் மேற்கத்திய இசையும் சேர்ந்து ஒலிக்கக் கேட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
பொலிவியாவில் லா பாஸ் நகரத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வார இறுதியில் ஒரு பட்டறை. நடத்தியவர் இசையமைப்பாளர்; மேற்கத்திய வெள்ளிக் குழல், ஆண்டிஸ் குழலான கேனா இரண்டும் வாசிப்பார். செல்லோவுக்கும் சிகுவுக்கும் (நாணல் குழாய்களை வரிசையாகக் கட்டிய குழல், இரண்டு பேர் ஜோடியாக வாசிப்பது) சேர்த்து அவர் எழுதியதைப் புதிதாகக் கற்றவர்களான எங்களை வைத்து வாசிக்க வைத்தார். எனக்கு ஜோடியில் ஒரு பாதியான ‘இரா’, 6 குழாய். பக்கத்தில், அடுத்த ஊரான எல் ஆல்ட்டோவிலிருந்து வந்த ஒரு அம்மா, அவர் கையில் மறுபாதியான ‘ஆர்க்கா’, 7 குழாய். மெட்டின் ஸ்வரங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒன்று விட்டு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும். ஊரோ 3600 மீட்டர் உயரத்தில். நாலாவது சுற்றில் எனக்கு மூச்சு நின்றுபோய் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டேன். செல்லோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா தன் ஸ்வரத்தை ஊதிவிட்டு என் உதட்டையே பார்த்தார். கோபமில்லை, காத்திருந்தார். அவர் நினைத்தாலும் அந்த ஸ்வரத்தை ஊத முடியாது, அது அவர் குழலிலேயே இல்லை. நாலு வருஷம் ஆச்சு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்த முகம்தான் வருது.

வயலின்பிரியன்:
நான் ஐரோப்பாவுல ஒரு கச்சேரில கேட்டேன். பன்னிரண்டு சிகு, கூட வயலின்கள். உண்மையைச் சொல்றேன், ஸ்ருதி சேரவே இல்லை. ஆனா தோயோன்னு, சிகுவிலேயே பெரிய வகை, ஒரு மீட்டருக்கு மேல நீளமான குழல் வந்துச்சு பாருங்க, ஸ்வரத்துக்கு முன்னாடி வெறும் காத்து வருது, அது நெஞ்சுல வந்து உக்காந்துச்சு. அதுக்காகத்தான் கடைசி வரைக்கும் இருந்தேன்.

மலைக்காற்று:
வயலின்பிரியன் தம்பி, ஸ்ருதி சேரவில்லை என்பதை ஏற்க முடியாது. ஒரே ஸ்வரத்துக்கான குழாய்களை மயிரிழை ஏற்ற இறக்கத்தோடு வெட்டுவது அங்கே வழக்கம். பல ஜோடிகள் சேர்ந்து ஊதும்போது ஒலி தடித்து அதிர வேண்டும் என்பதற்காகத்தான். வயலினை வைத்து அதை அளந்தால் தப்பாகத்தான் தெரியும்.

என் அனுபவம் சின்னது. பொலிவியாவின் ஒரூரோ நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஜூலை மாதம் ஒரு பெரியவரிடம் தார்க்கா வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரே மரத்துண்டில் குடைந்த சதுரக் குழல். அவர் அதை எடுத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். தார்க்கா மழைக்காலத்து வாத்தியம். நவம்பரில் நீத்தார் நினைவு நாட்களில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் கார்னிவல் திருவிழாவோடு முடியும். துணியின் முடிச்சை அவர் இரண்டு முறை இழுத்துக் கட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிகு வாங்க நினைப்பவர்களுக்கு: சுற்றுலாக் கடைகளில் இரண்டு வரிசையையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஆளுக்கு விற்பார்கள், அதைத் தொடாதீர்கள். இராவும் ஆர்க்காவும் தனித்தனியாக, ஜோடியாக வாங்குங்கள். முதல் வாரம் ஒரே குழாயை மட்டும் ஊதுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டி விடுங்கள், நீட்ட வேண்டாம். ஊதி முடித்ததும் ஈரத்தைத் துடைத்துக் காற்றில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் நாணல் வெடித்துவிடும். லா பாஸ் போய் இறங்கிய அன்றே ஊதவும் செய்யாதீர்கள். இரண்டு நாள் ஓய்வு, கோக்கா இலைத் தேநீர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெர்லின்வாசி:
மலைக்காற்று ஐயா, அப்படியானால் கச்சேரி மேடையில் தார்க்கா எடுப்பது தப்பா? இசையமைப்பாளர் செர்ஹியோ புருதென்சியோ 1980இல் லா பாஸில் தொடங்கிய நாட்டு வாத்தியக் குழு அதைத்தானே செய்கிறது. நாட்டுப்புற மெட்டைப் பிடித்து வயலினில் பூசுவது அவர்கள் வேலை இல்லை. அந்தக் குழல்களுக்கென்றே புது இசை எழுதுகிறார்கள். பெரியவர் முடிச்சுப் போட்டதும் நியாயம், இதுவும் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2020 மார்ச்சில் அவர்களைக் கேட்க டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். கொரோனாவால் விழா ரத்து. ஊர் திரும்ப வழியில்லாமல் ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே உள்ள ரைன்ஸ்பெர்க் அரண்மனை வளாகத்தில் வாரக்கணக்கில் தங்கியிருந்தார்கள். ரயிலில் போய்விடும் தூரம். போகவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களை என்னால் மறக்க முடியவில்லை.

குழல்மாணவி:
நான் கர்நாடகக் குழல் கற்றவள். பெரு நாட்டின் குஸ்கோவில் ஒரு வாத்தியக் கடையில் கேனாவை எடுத்தேன். முன்பக்கம் ஆறு துளை, கட்டைவிரலுக்கு ஒன்று, மேல்முனையில் ஒரு வெட்டு. அதை உதட்டுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து ஊதணும். பதினொரு வருஷப் பயிற்சி எனக்கு, ஒரு சத்தம் வரவில்லை. கடைக்காரர் என் தாடையை மட்டும் விரலால் லேசாகக் கீழே இறக்கினார். வந்தது!

இன்னொன்று சொல்லியே ஆகணும். அன்று மாலை விடுதி மேடையில் ‘எல் கொண்டோர் பாசா’ என்ற புகழ்பெற்ற பாட்டை இன்கா காலத்துப் பாட்டு என்று அறிவித்தார்கள். அது பெரு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்ளெஸ் 1913இல் லிமா மேடை நாடகத்துக்கு எழுதியது. ஆண்டிஸ் மெட்டுகளைத் தேடிச் சேகரித்த மனிதர். அவர் பேரையே சொல்லாமல் வாசிக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

ஊர்சுற்றி:
மலைக்காற்று ஐயா, ஜோடியாக வாங்கச் சொன்னீர்கள். என்னிடம் இரா மட்டும்தான் இருக்கு. பட்டறை முடிந்த அன்று, நான் வாசித்த குழலையே என்னை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பட்டறை நடத்தியவர். ஆர்க்கா அந்த அம்மாவிடம்.